வேலையில்லாத குடல்

கொட்டாஞ்சேனையில் அந்தக் காலத்தில் ஒருவர் வயிற்றில் தையலோடு வீட்டில் கிடக்கிறார் என்றால், ‘எந்தக் குண்டு?’ என்றுதான் முதலில் கேட்பார்கள். கேட்டவர்களில் பிழை இல்லை. பேச்சுவார்த்தை முறிந்து, வடக்கில் சண்டை மூண்டு, கொழும்பில் பஸ்ஸுக்குள்ளும் ரயிலுக்குள்ளும் வெடித்துக்கொண்டிருந்த காலம். ஆனால் மேபலின் புருஷன் ஹியூபேட்டின் குடலைக் குத்திக் கிழித்தது ஒரு பாரை மீன் முள். அதுவும் மேபல் தன் கையாலேயே காய்ச்சிய கறியில் கிடந்த முள். வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் உளைந்துவிட்டது. சிலர் நம்பவே இல்லை. குண்டு என்று சொல்லியிருந்தால் கொஞ்சம் மரியாதையாவது கிடைத்திருக்கும்.

தவக்காலத்து வெள்ளிக்கிழமை அது. இறைச்சியைத் தள்ளி ஒறுத்திருக்க வேண்டிய நாள். ஹியூபேட்டுக்கோ அது பெருநாள். பெரிய பாரைத் தலை, கொறக்காப்புளி, மண்சட்டி, உறைப்பில் கண்ணால் தண்ணீர் வரவேண்டும். அப்போதுதான் மேல்வாய்க்குப் புதுப் பல்லுக்கட்டு போட்டிருந்தார். அது அண்ணத்தை முழுக்க மூடிக்கொண்டு கிடக்கும்; முள் வருவதும் தெரியாது, போவதும் தெரியாது.

“சாப்பிடேக்க அதைக் கழட்டி வையுங்கோவன்” என்றாள் மேபல்.

“புதுசாக் கட்டின பல்லு கிளாசுக்குள்ள கிடக்கவோ? இன்னும் ஒரு கரண்டி குழம்பு விடும்.”

விட்டாள். நாலைந்து நாளில் அவருடைய வயிறு கல்லாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் வெட்டிப் பார்த்தபோது முள் குடலைத் துளைத்துக்கொண்டு வெளியே நின்றது, சுற்றிவரச் சீழ். டொக்டர் இராஜநாயகம் ஓட்டையைத் தைத்தார். தைத்த இடம் ஆறும்வரை அந்தப் பக்கம் மலம் போகக்கூடாது என்று, அதற்கு மேலே உள்ள குடலை இழுத்து வயிற்றுத் தோலோடு வைத்துத் திறந்துவிட்டார். ஒரே புடைப்பில் இரண்டு வாய். மேல்வாயால் மலம் வந்து வயிற்றில் ஒட்டியிருக்கிற பைக்குள் விழும். கீழ்வாய், வேலையில்லாமல் கிடக்கிற மிச்சக் குடலுக்குப் போகிற வழி.

“இது கொஞ்சக் காலத்துக்குத்தான்” என்றார் டொக்டர். “உள்ள ஆறினதும் தள்ளி மூடிவிடலாம்.”

வீட்டுக்கு அனுப்பும்போது சிங்கள நேர்ஸ் ஒருத்தி மேபலின் கையைப் பிடித்துக்கொண்டு தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்: “அம்மா, எல்லாம் நல்லா கொதிக்கணும். தண்ணி, துணி, கரண்டி, எல்லாம். கிருமி கிட்ட வரக்கூடாது. சரியா?”

மேபலுக்கு இதைச் சொல்லியே இருக்கத் தேவையில்லை. ஜம்பட்டா வீதிக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் அவளுடைய இடியப்பத்துக்கு ஒரு பெயர் இருந்தது. விடியமுன் எழும்பி, மாவைக் குழைத்து, உரலில் பிழிந்து, தட்டுத் தட்டாக அடுக்கி அவித்து, பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுத்துவந்தாள். அவளுடைய குசினியில் ஆவி அடங்கி ஒருவரும் கண்டதில்லை. கொதியில் வேகாத எதையும் அவள் நம்பமாட்டாள். குழாய்த் தண்ணீரும் சாக்கடைக் கானும் ஒட்டி ஒட்டி ஓடுகிற ஒழுங்கையில் அது நல்ல பழக்கம்தான். நேர்ஸ் சொன்னதும் அந்தப் பழக்கத்துக்குக் கொம்பு முளைத்துவிட்டது. துடைக்கிற சீலை கொதித்தது, கோப்பை கொதித்தது, சவர்க்காரப் பெட்டி கொதித்தது. ஒருநாள் ஹியூபேட்டின் பல்லுக்கட்டையும் கொதிதண்ணீரில் போட்டாள். அது கோணி, நெளிந்து, ஒருவருடைய வாய்க்கும் பொருந்தாத ஒன்றாக வெளியே வந்தது.

“நல்லதாப் போச்சு” என்றார் ஹியூபேட், பொக்கை வாயோடு. “இனி முள்ளு வந்தாத் தெரியும்.”

அவர் அப்படித்தான். எதையும் சிரித்துத் தள்ளிவிடுவார். பையைக் கழற்றுவதும் கழுவுவதும் மேபலின் வேலை. பை லேசில் கிடைக்காது. கிடைத்ததைக் கழுவித்தான் திரும்பப் பாவிக்க வேண்டும். வெளிக்கொடியில் போட்டால் நாலு பேர் பார்ப்பார்கள் என்று குசினிக்குள்ளேயே, இடியப்பத் தட்டுகளுக்கு எட்டத்தில், ஒரு கயிறு கட்டிக் காயப்போட்டாள். வயிற்றுத் தோல் வெந்து சிவந்தால் மருந்து தடவி ஊதிவிடுவாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு, துறைமுகத்தில் எந்தக் கப்பல் வந்திருக்கும் என்று கதைத்துக்கொண்டிருப்பார். துறைமுகத்தில் சாமான் அடுக்குகிற கிட்டங்கி ஒன்றில் அவருக்குக் கிளாக்கர் வேலை. ஒவ்வொரு ஞாயிறும் வேலைக்குப் போகிற சப்பாத்தை எடுத்து மினுக்கி வைப்பார், நாளைக்கே போகப்போகிறவர் மாதிரி.

அந்தச் சிரிப்பும் ஒருநாள் நின்றது.

கிளினிக்குக்குப் போய்விட்டு இருவரும் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். சந்தியில் சோதனைச்சாவடி. ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. மேபல் பெண்கள் பக்கம் கைப்பையைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தாள். ஆண்கள் பக்கம் நின்ற ஆமிக்காரன் மீசை சரியாக முளைக்காத பொடியன். ஹியூபேட்டின் தோளைத் தடவி, அக்குளைத் தடவி, வயிற்றுக்கு வந்தவனின் கை அங்கேயே நின்றது. தொளதொளத்த சேட்டுக்குக் கீழே மெத்தென்று, சூடாக, சீலைப்பட்டியால் இறுக்கிக் கட்டின ஏதோ ஒன்று.

பொடியன் பின்னுக்குத் துள்ளினான். துவக்கு மேலே வந்தது. “அத் உஸ்ஸன்ன! அத் உஸ்ஸன்ன!”

ஹியூபேட் இரண்டு கையையும் தூக்கினார். வரிசை சிதறியது. நின்றவர்கள் ரோட்டில் குப்புற விழுந்தார்கள்.

“போம்ப நெவெய் மஹத்தயா!” ஹியூபேட்டின் குரல் கீச்சிட்டது. “மாளு கட்டுவக்! மாளு கட்டுவக்!”

குண்டில்லை ஐயா, மீன் முள், மீன் முள் என்று ஒரு மனிதன் நடுரோட்டில் கையைத் தூக்கிக்கொண்டு கத்தினால் யாருக்கு விளங்கும்? சேட்டைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கினார். தெரிந்தவர்கள் அத்தனை பேரும் நிற்க, அந்தப் பையும் அதற்குள் இருந்ததும் வெயிலில் தெரிந்தன. மேலதிகாரி ஒருவர் ஓடிவந்து பார்த்து, விளங்கிக்கொண்டு, தலையை ஆட்டி மன்னிப்புக் கேட்டார். துவக்குப் பிடித்த பொடியனின் கை ஹியூபேட்டின் கையைவிடக் கூட நடுங்கியதை மேபல் கண்டாள். அவன் மேல் கோபப்படக்கூட அவளுக்கு முடியவில்லை.

அன்றோடு ஹியூபேட் வாசலைத் தாண்டுவதை விட்டார். கிளினிக் நாளில் மட்டும் ஓட்டோவில் ஏறி, சேட்டுப் பொத்தானை முன்கூட்டியே கழற்றி வைத்துக்கொண்டு போய்வருவார். செவ்வாய்க்கிழமை தவறாமல் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்கு நடந்து போகிறவர் போவதை நிறுத்தினார். துறைமுக வாசலில் நாளுக்கு எத்தனையோ முறை உடம்பைத் தடவுவார்கள். பையோடு அங்கே போக முடியாது. பையை எடுத்ததும் வரட்டும், வருஷம் முடியும்வரை அவருடைய கதிரையைக் காலியாக வைத்திருக்கிறோம் என்று வேலைக் கந்தோரில் சொல்லியிருந்தார்கள். ஆக, எல்லாம் அந்தப் பையில் தொங்கிக்கொண்டிருந்தது.

மூட வேண்டிய காலம் வந்தபோதுதான் பின்பக்கத்தால் இரத்தமும் சளியும் கசியத் தொடங்கின. டொக்டர் குழாய் விட்டுப் பார்த்தார்.

“அம்மா, இப்பிடி இருங்கோ. நீங்களும் இருங்கோ ஹியூபேட்” என்றார். “குடலின்ட மேல் பாதி வேலை செய்யுது. கீழ்ப் பாதிக்கு வேலை இல்லை. அதுக்குள்ள நல்ல கிருமிகள் கொஞ்சம் இருக்கிறது. மலம் போனாத்தான் அதுகளுக்குச் சாப்பாடு. அதுகள் சாப்பிட்டாத்தான் குடலின்ட உள்தோலுக்குச் சாப்பாடு. இப்ப ரெண்டும் பட்டினி. அதாலதான் சிவந்து வீங்கி ரத்தம் கசியுது.”

“அப்ப என்னைப் போலத்தான்” என்றார் ஹியூபேட். “வேலை இல்லாட்டி எதுவும் புண்ணாப் போகும் டொக்டர்.”

டொக்டர் சிரித்தார். “மூடினாத் தானாச் சுகமாகும். ஆனா இவ்வளவு வீங்கின குடலைத் தைச்சாத் தையல் பிடிக்குமோ எண்டு எனக்குப் பயமாக் கிடக்கு. முதல்ல கொஞ்சம் ஆத்துவம். ஒரு பவுடர் இருக்கு, புரோபயோட்டிக் எண்டு சொல்லுறது. உசிரோட இருக்கிற நல்ல கிருமி. கொதிச்சாறின தண்ணியில கரைச்சு, வெதுவெதுப்பா, கீழ்வாயால மெல்ல மெல்ல விடவேணும். எல்லாருக்கும் சரிவரும் எண்டில்லை. சிலருக்கு உதவியிருக்கு. செய்துபார்ப்பம். தயிரும் சாப்பிடுங்கோ.”

“கிருமியோ டொக்டர்?” என்றாள் மேபல்.

“ஓம் அம்மா. நல்ல கிருமி.”

நல்ல கள்ளன் ஒருவனைப் பற்றி மேபல் வேதத்தில் கேள்விப்பட்டிருக்கிறாள். நல்ல கிருமியைப் பற்றி இதற்கு முன் ஒருவரும் அவளுக்குச் சொன்னதில்லை.

பவுடர் கொட்டாஞ்சேனையில் இல்லை. மட்டக்குளியிலிருந்து இரத்மலானை போகிற பஸ்ஸில் ஏறி, இடையில் இரண்டு தரம் இறங்கிச் சோதனை கொடுத்து, வெள்ளவத்தையில் காலி வீதிப் பாமஸி ஒன்றில்தான் வாங்கினாள். ஐஸ்கட்டிக்கு நடுவில் வைத்துக் கட்டிக் கொடுத்தார்கள். பிரிட்ஜில் வைக்கச் சொன்னார்கள். மேபலிடம் பிரிட்ஜ் இல்லை. அடுத்த வீட்டுக் கைருன்னிஸாவிடம் இருந்தது. அவளுடைய புருஷன் புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருந்தார். அவளுடைய பிரிட்ஜில், எலுமிச்சங்காய்க்குப் பக்கத்தில் பவுடர் குடியேறியது.

முதல்நாள் பக்கற்றை வெட்டிக் கையில் வைத்துக்கொண்டு மேபல் குசினியில் வெகுநேரம் நின்றாள். நேர்ஸ் கிருமி கிட்ட வரக்கூடாது என்கிறாள். டொக்டர் கிருமியை உள்ளே ஊற்று என்கிறார். இருவரும் படித்தவர்கள். இருவரும் அவருடைய நன்மைக்குத்தான் சொல்கிறார்கள். ஏற்கெனவே ஒருமுறை தன் கையால் சமைத்துப் போட்டு மனிதன் சாவின் விளிம்புவரை போய் வந்திருக்கிறார். இப்போது அதே கையால் அவருடைய குடலுக்குள் கிருமியை ஊற்றுவதா? அவளால் முடியவில்லை. கடைசியில் இருவர் சொல்லும் தட்டாத ஒரு வழி கண்டாள். பவுடரைத் தண்ணீரில் போட்டாள். கேத்தலை அடுப்பில் வைத்தாள். குமிழ் விட்டுப் பொங்கும்வரை கொதிக்கவிட்டாள். பிறகு ஆறவைத்து, கைக்குச் சூடு பதமானதும், டொக்டர் காட்டிக் கொடுத்த மாதிரியே மெல்ல மெல்லக் கீழ்வாயால் விட்டாள். மருந்தும் உள்ளே போயிற்று, கிருமியும் இல்லை. தன் கெட்டித்தனத்தை நினைத்து அவளுக்கே ஒரு பெருமை. ஹியூபேட்டுக்குச் சொல்லவில்லை. ஆம்பிளைகளுக்குக் குசினி விஷயம் எல்லாம் எதற்கு?

ஒவ்வொரு நாளும் அப்படியே செய்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. கான் நிரம்பி ஒழுங்கைக்குள் வந்தது. அவள் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கொதிக்கவைத்தாள்.

டொக்டர் திரும்பவும் குழாய் விட்டுப் பார்த்த நாளில் அவருடைய முகம் கறுத்தது. “ஒரு பொட்டுக்கூடக் குறையேல்லையே. கொஞ்சமாவது குறைஞ்சிருக்க வேணும்.” ஒரு சின்னத் துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். “வேற குடல் வருத்தமாயும் இருக்கலாம். அப்பிடியெண்டா இப்ப மூட ஏலாது ஹியூபேட். எப்ப எண்டும் சொல்ல ஏலாது. சிலவேளை...”

சிலவேளை என்றதோடு நிறுத்திக்கொண்டார். சாகும்வரை பைதான் என்று இருவருக்கும் விளங்கியது.

ஹியூபேட் வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்குக் கீழே இருந்த சப்பாத்தை எடுத்தார். மினுக்கப் போகிறார் என்று மேபல் நினைத்தாள். பழைய பேப்பரில் சுற்றி, நூலால் கட்டி, அலுமாரிக்கு மேலே தள்ளிவிட்டார்.

ஏதாவது செய்யாமல் அவளால் இருக்க முடியாது. தயிர் சாப்பிடச் சொன்னது ஞாபகம் வந்தது. கடையில் விற்கிற முட்டித் தயிரில் ஈ மொய்க்கும், தூசி விழும். அதை அவள் தொடமாட்டாள். வீட்டில் தோய்க்கலாம் என்றால், அவளுடைய சமையல் எல்லாம் தேங்காய்ப்பால் சமையல். தயிர் போட்டுப் பழக்கமில்லை. கைருன்னிஸாவிடம் ஒரு சின்னக் கிண்ணத்தில் உறை வாங்கிவந்து போட்டாள். அடுத்தநாள் காலை, இடியப்பம் கொடுத்து முடிந்த நேரம், கைருன்னிஸா குசினி வாசலில் வந்து நின்றாள்.

“மேபல் அக்கா, தயிர் தோஞ்சிச்சா?”

“எங்க தோயிறது? பால் பாலாவே கிடக்குது. நீ தந்த உறை சரியில்லை போல.”

“அந்த ஒறையிலதானே எங்கட வூட்டுலயும் போட்ட. வந்து பாருங்க, கத்தியால வெட்டலாம். எப்ப ஊத்தின நீங்க?”

“பால் பொங்கேக்க.”

“பொங்கக்கொளயா? அடுப்புல ஈக்கக்கொளயா?”

“ஆறவிட்டா அதுக்குள்ள தூசி விழாதோ?”

கைருன்னிஸா சிரிப்பை அடக்க முடியாமல் படியில் குந்திவிட்டாள். “யா அல்லாஹ்! ஒறைக்கு உசிர் ஈக்கி அக்கா! வெரல் தாங்கிற சூட்டுலதான் ஊத்தோணும். கொதிக்கிற பால்ல ஊத்தினா அது பொசுங்கிச் செத்துப் போகும். செத்தது எப்பிடி அக்கா தோயும்?”

மேபல் சிரிக்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். உசிரோட இருக்கிற நல்ல கிருமி என்று டொக்டர் சொன்னது, சொன்ன குரலிலேயே காதில் கேட்டது. உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் ஐஸ்கட்டியில் கட்டித் தந்தார்கள். அதற்காகத்தான் பிரிட்ஜ். கேத்தல் அடுப்பில் சும்மா இருந்தது. அதைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

“என்ன அக்கா, மொகம் ஒரு மாதிரி ஆகிட்டுது?”

“கைருன், அந்தப் பவுடரையும் நான் கொதிக்க வைச்சுத்தான் விட்டனான்.”

கைருன்னிஸாவின் சிரிப்பு நின்றது. “எத்தின நாளா?”

“எல்லா நாளும்.”

கைருன்னிஸா எழும்பி வந்து அவளுடைய தோளில் கை வைத்தாள். “அண்ணனுக்குச் சொல்லுங்க. டொக்டருக்கும் சொல்லுங்க. இதெல்லாம் மறைச்சி வெக்கிற விஷயமா? போங்க.”

ஹியூபேட் முன்னறையில் சாய்கதிரையில் பேப்பரை விரித்துக்கொண்டு இருந்தார். படிக்கவில்லை என்பது மேபலுக்குத் தெரியும். வெகுநேரமாக ஒரே பக்கம்.

“இஞ்சேருங்கோ. நான் ஒரு பிழை விட்டிட்டன்.”

“கறிக்கு உப்புக் கூடிப்போச்சோ?”

“விளையாடாதேங்கோ. அந்தப் பவுடர் கரைச்ச தண்ணி... அதை நான் அடுப்பில வைச்சுக் கொதிக்க வைச்சுப் போட்டுத்தான் விட்டனான். ஒவ்வொரு நாளும்.”

“ஏன்?”

“கிருமி எண்டு சொன்னவர். எனக்குப் பயமாக் கிடந்துது. கிருமியைச் சாகடிச்சுப்போட்டு மருந்தை மட்டும் விடுவம் எண்டு நினைச்சன். இப்பதான் விளங்குது, கிருமிதானாம் மருந்து.”

ஹியூபேட் பேப்பரை மடித்து மடியில் வைத்தார். “அப்ப மேபல், இவ்வளவு நாளும் நீர் எனக்குள்ள ஊத்தினது கிருமியின்ட பிரேதங்களையோ?”

அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தாள். பார்த்தால் சிரிப்பு. வயிற்றுப் பையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பொக்கை வாய் தெரிய, கண்ணால் தண்ணீர் வரச் சிரித்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு. மேபலுக்கு அது இன்னும் வலித்தது.

“சிரியுங்கோ, சிரியுங்கோ! எனக்கு நெஞ்சு வெடிக்குது. முதல்ல முள்ளைத் தந்தன். பிறகு மருந்தைச் சாகடிச்சன். என்ர கையால எதைத் தந்தாலும் உங்களுக்குக் கேடுதான்.” சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து அவளுடைய நெஞ்சில் கிடந்த முள் அதுதான். இன்றைக்குத்தான் வெளியே வந்தது.

“இஞ்ச வாரும். இதில இரும்.” பக்கத்து ஸ்ரூலை இழுத்துப் போட்டார். “முள்ளை விழுங்கினது நீரோ? பல்லுக்கட்டைக் கழட்டச் சொன்னது ஆர்?”

“நான்தான்.”

“இன்னும் ஒரு கரண்டி விடும் எண்டது ஆர்?”

“நீங்கள்தான். ஆனா நான் மீன் தலையைப் போடாம விட்டிருக்கலாம்.”

“விட்டிருந்தா நான் ஒரு கிழமை உம்மோட கதைச்சிருக்க மாட்டன். அது நல்ல கறி மேபல். ஆஸ்பத்திரியில மயக்கம் தெளிஞ்ச உடன எனக்கு அந்தக் கறியின்ட வாசம்தான் ஞாபகம் வந்தது.” அவர் அவளுடைய சீலைத்தலைப்பை எடுத்து அவளிடமே கொடுத்தார், முகத்தைத் துடைக்க. “மடைச்சி, அழுகிறதுக்கு இதில என்ன கிடக்கு? மருந்து குடுத்தும் சரிவரேல்ல எண்டுதானே டொக்டர் வேற வருத்தம் எண்டு பயப்பிடுறார்? மருந்து இன்னும் குடுக்கவே இல்லையே! இது நல்ல செய்தியெல்லோ?”

அந்தப் பக்கத்தை மேபல் நினைத்துப் பார்க்கவே இல்லை. அழுகை பாதியில் நின்றது. மூக்கைச் சிந்தினாள். பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்தது. பிரேதம் என்ற சொல்லுக்கு இப்போதுதான் சிரிப்பு வந்தது. ஹியூபேட் எழும்பி, கதிரை ஒன்றை இழுத்து அதில் ஏறப் பார்த்தார்.

“ஐயோ, வயித்தோட எங்க ஏறுறீங்கள்?”

“அலுமாரிக்கு மேல என்ர சப்பாத்துக் கிடக்கு.”

“இறங்குங்கோ. நான் எடுத்துத் தாறன்.”

கிளினிக்கில் விஷயத்தைக் கேட்டதும் டொக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். மேபல் ஏச்சுக்குத் தயாராக நின்றாள். கையை எடுத்தபோது அவருடைய கண் கலங்கியிருந்தது. சிரிப்பை அடக்கின கண்.

“அம்மா, துண்டின்ட முடிவு வந்திட்டுது. வேற வருத்தத்துக்கு ஒரு அடையாளமும் இல்லை. பிறகு ஏன் குறையேல்ல எண்டுதான் நான் மண்டையைப் போட்டு உடைச்சுக்கொண்டிருந்தனான். எல்லாப் புத்தகமும் பிரட்டினன். இந்தக் காரணம் ஒரு புத்தகத்திலயும் இல்லை.”

“நேர்ஸ் எல்லாத்தையும் கொதிக்கவைக்கச் சொன்னவ டொக்டர்.”

“சரிதான். பிழை என்னிலதான். கொதிக்க வைக்காதேங்கோ எண்டு நான் சொல்லியிருக்க வேணும். தண்ணியை மட்டும் கொதிக்க வையுங்கோ. ஆறின பிறகு பவுடர். முதலே இல்லை, ஆறின பிறகு. என்ன?”

“விரல் தாங்கிற சூட்டில” என்றாள் மேபல்.

“அதேதான்.”

புதுப் பவுடர் வாங்க மறுபடி வெள்ளவத்தைக்குப் போனாள். முதல்நாள் கொதித்த தண்ணீரை ஆறவைத்தாள். சின்ன விரலை விட்டுச் சூடு பார்த்தாள். பவுடர் கரைந்து தண்ணீர் பால்போல மங்கியது. உள்ளே உயிர்கள் நீந்துகின்றன என்று நினைத்தபோது உடம்பு கூசியது. ‘அந்தோனியாரே, நீர்தான் பொறுப்பு’ என்று சிலுவை போட்டுவிட்டுக் குழாயைக் கீழ்வாயில் வைத்தாள். ஹியூபேட் கூரையைப் பார்த்துக்கொண்டு, “வாங்கோ, வாங்கோ, உள்ள நிறைய வேலை கிடக்கு” என்று கிருமிகளை வரவேற்றார்.

சளி முதலில் மெலிந்தது. பிறகு சிவப்பு மங்கியது. மேபல் வெள்ளைச் சீலைத் துண்டில் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். ஒருநாள் சீலையில் இரத்தமே இல்லை. அதைத் தூக்கிக்கொண்டு கைருன்னிஸா வீட்டுக்கு ஓடினாள். காட்டக்கூடிய சாமானா அது? ஆனால் கைருன்னிஸா முகம் சுளிக்காமல் வாங்கிப் பார்த்து, “அல்ஹம்துலில்லாஹ்” என்றாள். அந்த வீட்டிலும் இந்த வீட்டிலும் அன்றைக்குத் தயிரும் இனிப்புப் பாணியும்.

“பவுடரோ, காலமோ, உங்கட அந்தோனியாரோ, எனக்குச் சொல்லத் தெரியாது” என்றார் டொக்டர், குழாய் விட்டுப் பார்த்துவிட்டு. “ஆனா குடல் நல்லா இருக்கு. மூடுவம்.”

மூடினார்கள். ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. ஆனால் அதற்குப் பிறகுதான் மெய்யான காத்திருப்பு. காற்றுப் பிரிய வேண்டும். குடல் முழுக்க வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அத்தாட்சி; அதுவரை வாயில் ஒன்றும் வைக்கக் கூடாது. காலையில் டொக்டர் வந்து, “காத்துப் போச்சோ?” என்பார். பிறகு நேர்ஸ் கேட்பாள். கூட்டுகிறவர் கேட்பார். பங்குச் சுவாமி செபம் சொல்ல வந்து, முடித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி அதையே கேட்டார். காணாமற்போன வீட்டுக் கதவுத் திறப்புக்கும் மோதிரத்துக்கும் மேபல் அந்தோனியாரிடம் மன்றாடியிருக்கிறாள். இப்படி ஒன்றை அவரிடம் கேட்கலாமா என்று வெட்கமாக இருந்தது. கேட்டாள்.

பார்வையாளர் நேரத்தில், அவள் கட்டிலருகே இருந்து அவருடைய காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருக்கும்போது அது வந்தது. சின்னதாக இல்லை. வார்ட்டில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த கட்டில் சிங்களக் கிழவர் எழும்பி இருந்து, “ஆ! ஹரி, ஹரி!” என்று கை தட்டினார். சரியாகிவிட்டது என்கிறார். ஹியூபேட் வெட்கமும் பெருமையுமாகச் சிரித்தார். மேபல் அவருடைய காலிலேயே முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். இப்படி ஒரு சத்தத்துக்காக அழுவேன் என்று கலியாணம் கட்டின நாளில் யாராவது சொல்லியிருந்தால் செருப்பால் அடித்திருப்பாள்.

புண் ஆறி நடக்கத் தொடங்கிய பிறகு வந்த ஒரு செவ்வாய்க்கிழமை, “கொச்சிக்கடைக்கு நடப்பம்” என்றார் ஹியூபேட். அடுத்த திங்கள் வேலைக்குப் போகவென்று மினுக்கி வைத்த சப்பாத்தைப் போட்டுக்கொண்டார். சேட்டை மட்டும் பழக்கதோஷத்தில் வெளியே தொளதொளவென்று விட்டிருந்தார். ஒழுங்கை தாண்டும்வரை கதைத்துக்கொண்டு வந்தவர், சந்தி தெரிந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். மேபல் அவருடைய கையைப் பிடித்தாள். பிறகு வரிசை பிரிந்ததால் விடவேண்டியதாயிற்று.

அதே பொடியன்தான். இப்போது மீசை முளைத்திருந்தது. அவனுக்கும் ஞாபகம் இருந்திருக்க வேண்டும். ஹியூபேட்டைக் கண்டதும் கண் ஒரு தரம் வயிற்றுக்குப் போய் வந்தது. ஹியூபேட் கேட்காமலே கையைத் தூக்கினார். தோள், அக்குள், விலா. வயிற்றுக்கு வந்தபோது அவனுடைய கை மெதுவானது. கை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போயிற்று. தட்டை. அவன் நிமிர்ந்து பார்த்தான்.

“மாளு கட்டுவ கியா, மஹத்தயா” என்றார் ஹியூபேட். மீன் முள் போய்விட்டது ஐயா.

பொடியனுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. நம்பாதவன் மாதிரி இன்னொரு தரம், கொஞ்சம் அழுத்தித் தடவினான். அந்த அழுத்தத்தில், இத்தனை காலமும் பட்டினி கிடந்து புதிதாக வேலைக்குச் சேர்ந்த குடல், தன் கடமையைச் செய்தது. சந்தி முழுக்கக் கேட்டது.

பொடியன் அன்றைக்குத் துள்ளின மாதிரியே பின்னுக்குத் துள்ளினான். துவக்கு மேலே வரவில்லை. கை மூக்குக்குப் போயிற்று. “ச்சீ! யன்ன, யன்ன!” போங்கள், போங்கள் என்று விரட்டினான். வரிசையில் நின்ற சனம் முழுக்கச் சிரித்தது. கடைசியில் அவனும் சிரித்துவிட்டான்.

பெண்கள் பக்கத்தில் மேபல் திறந்த கைப்பையோடு நின்று, சீலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சோதிக்கிற ஆமிப் பெண் என்ன என்று கேட்டாள். சொல்ல அவளுக்கு மூச்சு வரவில்லை. சந்தோஷம் என்றால் இதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கம் ஹியூபேட், வெயிலில், எல்லோரும் பார்க்க, ஒரு அவசரமும் இல்லாமல், சேட்டை நாலு பக்கமும் இழுத்துக் கால்சட்டைக்குள் செருகிக்கொண்டிருந்தார்.